ஒன்றரை

என் முழங்காலை நானே படம் எடுத்தேன்.
இரவுப் பணி. வெளியே கௌனஸ் நகரத்துப் பனி.
பொத்தானை அழுத்த மட்டும் தோவிலே வந்தாள்.
இருபத்திரண்டு வருடமாகப் பிறருக்குச் சொல்வதை
எனக்குச் சொல்லிக்கொண்டேன்:
அசையாதீர்கள். மூச்சை விடலாம்.

காலையில் டாக்டர் அஸ்டா திரையை நகத்தால் தட்டினாள்.
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே
ஒரு மிட்டாய்க் காகிதம் நுழையும் இடம்.
"இன்னும் ஒரு மாரத்தான் தாங்கும்" என்றாள்.
பிறகு, பேரம் படியாத கடைக்காரி மாதிரி,
"சரி, ஒன்றரை."

முழங்கால் என்று பெயர்தான் முழுசு.
கால் போன போக்கில் போகலாம் என்பார்கள்.
கால் போய்க்கொண்டிருக்கும் போக்கைப் பார்த்துத்தான்
இனி நான் போக வேண்டும்.

செய்தி ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது.
ஏதென்ஸுக்குப் போ, என்கிறாள் தோவிலே,
கதை தொடங்கிய இடத்தில் முடிப்பதுதான் அழகாம்.
அவள் பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை.
டப்ளினிலிருந்து தம்பி: சோபா காலியாக இருக்கிறது,
மழை நுழைவுக் கட்டணத்தில் சேர்த்தி.
மகன் யோகூபஸ் வடக்கே கை காட்டுகிறான்.
அங்கே கோடையில் சூரியன் விழுவதே இல்லை, அம்மா,
நீ எப்போது முடித்தாலும் பகல்தான்.

எல்லாவற்றையும் படித்தேன், கடைசியிலிருந்து.
மெதுவாக ஓடுகிறவர்கள் அப்படித்தான் படிப்போம்.
பதக்கத்தின் படம், பாலத்தின் படம், பாண்டு வாத்தியம் எதுவும் வேண்டாம்.
எத்தனை மணிக்குப் பாதையைத் திறந்துவிடுவீர்கள்?
எத்தனை மணிக்குத் தண்ணீர் மேசையை மடிப்பீர்கள்?

மடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.
போன அக்டோபர், துசேனாய் ஏரியை மூன்று சுற்று.
மூன்றாம் சுற்றில் என்னைக் கண்டதும் ஒரு பையன்
மீதி வாழைப்பழம் முழுவதையும், சீப்பாகவே,
என் கையில் திணித்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போனான்.
அதற்குப் பிறகு பிர்ச் மரங்கள், நான்,
எனக்குப் பின்னால் ஒரு ரொட்டி வேன்.

கடைசி ஆளைத் தொடர்ந்து வருவது அதன் வேலை.
பேக்கரியில் இரவல் வாங்கியது.
இருட்டியதும் விளக்கைப் போட்டான்.
என் நிழல் எனக்கு முன்னால் நீண்டு,
என்னைவிட இளமையாக, என்னைவிட வேகமாக
ஓட ஆரம்பித்தது.
இருபத்தெட்டாவது கிலோமீட்டரிலிருந்து
அதைத் துரத்தினேன்.
அவனுக்கு எப்படித் தெரிந்ததோ,
விளக்கை அணைத்துவிட்டு
இருட்டில் உருட்டிக்கொண்டு வந்தான்.

முப்பத்தொன்றாவதில், ஐந்தரை மணி நேரம் முடிந்து,
கதவைத் திறந்தான். ஒன்றும் சொல்லவில்லை.
ரொட்டித் தட்டுகளுக்கும்
பொறுக்கி அடுக்கிய அம்புக்குறிப் பலகைகளுக்கும் நடுவே உட்கார்ந்தேன்.
கம்பு ரொட்டியின் நுனித்துண்டு ஒன்றை நீட்டினான்.
"பெயர் கின்டௌடஸ்" என்றான், ஊர் வந்த பிறகு.

முக்கால் ஓடியிருந்தேன்.
கால் பாக்கி.
அந்தக் காலை மட்டும் தனியாக ஓட யாரும் விடமாட்டார்கள்.
பாக்கியைத் தீர்க்க
முழுக் கடனையும் மறுபடி வாங்க வேண்டும்.

வாங்குகிறேன்.
ஏதென்ஸ் இருக்கட்டும், ஓடாதவர்களுக்கும் அது திறந்திருக்கிறது.
டப்ளினுக்குத் தம்பியைப் பார்க்கப் போவேன், செருப்போடு.
விழாத சூரியனை நினைத்தால் எனக்குப் பயம்;
முடிந்தது என்று யார்தான் சொல்வார்கள் அங்கே?

மிச்சமிருக்கும் அரை, வீட்டுக்கு.
நான்காம் மாடி. லிஃப்ட் இல்லை.

படிவத்தில் எதிர்பார்க்கும் நேரம் கேட்டார்கள்:
ஐந்து மணி இருபத்தொன்பது நிமிடம்.
சட்டை அளவு: பெரியது, உள்ளே ஸ்வெட்டர் போட.
அவசரமென்றால் யாரை அழைக்கலாம்?
கொஞ்ச நேரம் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
பேக்கரியின் எண்ணைக் கொடுத்தேன்.